ஊவாப் பாறையில் அவலோகிதர்

ஹல்துமுல்லையிலிருந்து செல்லும் ஏ4 வீதி பெரகலைச் சந்தியைத் தாண்டி, கொஸ்லந்தையைக் கடந்து, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியின் அடிவாரத்தைத் தொட்டு வெல்லவாயவில் சமவெளியை அடைகிறது. தேயிலை மலை முடிந்து வறண்ட காடு தொடங்கும் இடம் அது. ஆடி மாதம் கதிர்காமக் கொடியேற்றம் வந்துவிட்டால் தோட்டங்களிலிருந்து புறப்படும் வான்களும் பஸ்களும் இந்த வழியே இறங்கித் தணமல்வில வீதியில் தெற்கு நோக்கி ஓடும். வெல்லவாயவைத் தாண்டிச் சில கிலோமீற்றரில் ஒரு கிளைப்பாதை பிரிகிறது. பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் போய்விடும். அந்தக் கிளைப்பாதை முடியும் இடத்தில்தான் புதுருவகல இருக்கிறது.

கம்போடியாவின் அங்கோருக்குப் போகிறவர்கள் பாயோன் கோயிலின் கோபுரங்களில் நாற்புறமும் பார்க்கும் முகங்களை வியந்து படமெடுக்கிறார்கள். அவை கருணையின் போதிசத்துவரான லோகேஸ்வரரின் முகங்கள் என்பது பல அறிஞர்களின் கருத்து. அந்த லோகேஸ்வரர் பாயோனுக்குக் குறைந்தது இரண்டு நூற்றாண்டு முன்பே ஊவாவின் இந்தப் பாறையில் செதுக்கப்பட்டுவிட்டார். இங்கே அவருக்கு அவலோகிதேஸ்வரர் என்று பெயர்.

புதுருவகலயில் மண்டபமும் இல்லை, மதிலும் இல்லை. மண்டியிட்ட யானை போன்ற பெரும்பாறை ஒன்றின் செங்குத்தான முகத்தில் ஏழு உருவங்கள் நிற்கின்றன. நடுவே அபய முத்திரையுடன் நிற்கும் புத்தர் ஏறத்தாழ 16 மீற்றர் உயரம். இலங்கையில் பாறையில் செதுக்கிய நிற்கும் புத்தர் உருவங்களில் இதைவிட உயர்ந்தது வேறில்லை. பாறையிலிருந்து உருவத்தை முழுதாகப் பிரித்தெடுக்காமல் மேற்புறத்தை மட்டும் குடைந்து எழுப்பிய புடைப்புச் சிற்பங்கள் இவை. கல்லில் எல்லா நுணுக்கத்தையும் செதுக்க வேண்டிய தேவை அந்தச் சிற்பிகளுக்கு இருக்கவில்லை. கல்லின் மேல் சுதை பூசி, அதன் மேல் வண்ணம் தீட்டி வேலையை முடித்தார்கள். ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் சுதையைக் கரைத்துவிட்டன. நடுப் புத்தரின் ஆடையில் காவி நிறத்தின் திட்டுகள் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

புத்தரின் வலப்பக்கத்தில் மூவர். அவர்களில் நடுவில் நிற்பவர்தான் அவலோகிதேஸ்வரர். அவர்மேல் பூசிய வெண்சுதை இன்னும் பெருமளவு மிஞ்சியிருப்பதால் பார்ப்பவர் கண் முதலில் அவரிடமே போகிறது. அவருக்குப் பக்கத்தில் இடையை ஒசித்து முவ்வளைவில் நிற்பவள் தாரை. மூன்றாவது உருவம் சுதன குமாரன் என்பது மரபு. புத்தரின் இடப்பக்கத்து மூவரில் நடுநாயகர் மைத்ரேயர், இனி வரப்போகும் புத்தர். அவருடன் நிற்கும் ஒருவர் கையில் வச்சிராயுதம் இருப்பதால் அவர் வச்சிரபாணி என்று தெளிவாகத் தெரிகிறது. மற்றவரைத் திருமால் என்பாரும் உண்டு, பிரமன் என்பாரும் உண்டு. பாறையின் அடியில், எரியும் சுடரின் வடிவில் ஒரு குழி வெட்டப்பட்டிருக்கிறது. அதில் கடுகெண்ணெய் வாசம் வீசும் என்று ஊர்மக்கள் சொல்வார்கள்.

தேரவாத பௌத்தத்தின் தாய்வீடு என்றே இலங்கை பேசப்படுகிறது. தாரைக்கும் வச்சிரபாணிக்கும் தேரவாதக் கோயிலில் இடமில்லை. அப்படியிருக்க இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்?

விடை அனுராதபுரத்தில் இருக்கிறது. அங்கே மகாவிகாரையின் துறவிகள் பழைய பாலி மரபைக் கட்டிக்காத்தபோது, அபயகிரி விகாரையின் துறவிகள் மகாயான நூல்களுக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள். 9ஆம் நூற்றாண்டில், முதலாம் சேனனின் காலத்தில், வச்சிரயானக் கொள்கையைச் சுமந்து ஒரு துறவி இந்தியாவிலிருந்து வந்ததாக ‘நிகாய சங்கிரகம்’ என்னும் சிங்கள நூல் குறை கூறும் குரலில் பதிவு செய்கிறது. கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாயில் கண்டெடுத்த கல்வெட்டு அவலோகிதேஸ்வரரைப் போற்றுகிறது. மொழி வடமொழி, எழுத்தோ பல்லவ கிரந்தத்தைச் சார்ந்தது. இன்றைய கம்போடியாவான கெமர் நாட்டின் தொடக்ககாலக் கல்வெட்டுகளும் பல்லவ எழுத்தின் வழிவந்த எழுத்திலேயே பொறிக்கப்பட்டன. காஞ்சியின் எழுத்தும் கடல் வணிகரின் கப்பலும் சென்ற துறைகளுக்கெல்லாம் அவலோகிதரும் கூடவே போயிருக்கிறார்.

புதுருவகல தனியாக நிற்கும் அதிசயமும் அல்ல. வெல்லவாயவிலிருந்து புத்தல வழியாக ஒக்கம்பிட்டியப் பக்கம் போனால் மாலிகாவில. அங்கே சுண்ணக்கல்லில் வடித்த 11 மீற்றர் உயரப் புத்தர் நிற்கிறார். அருகே தம்பேகொடவில் அதைவிடச் சற்றே சிறிய அவலோகிதேஸ்வரர். இவை பாறையோடு ஒட்டிய புடைப்புகள் அல்ல, நாற்புறமும் சுற்றிப் பார்க்கத்தக்க முழுச் சிலைகள். உருகுணையை ஆண்ட அக்கபோதி என்னும் இளவரசன் 7ஆம் நூற்றாண்டில் செய்வித்தவை என்று கருதப்படுகின்றன. காடு மூடி, விழுந்து, உடைந்து கிடந்த மாலிகாவிலப் புத்தர் 1991இல்தான் மீண்டும் நிமிர்த்தி நிறுத்தப்பட்டார். ஆக, இன்றைய மொனராகலை மாவட்டம் ஒரு காலத்தில் மகாயானத்தின் வலுவான வட்டாரமாக இருந்திருக்கிறது.

அவலோகிதர் தமிழுக்கும் அயலார் அல்லர். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய ‘வீரசோழியம்’, அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்று சொல்கிறது. அகத்தியரின் பொதிகையே மகாயான நூல்கள் பேசும் போதலக மலை என்று நிறுவ முயன்ற ஆய்வாளர்களும் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய சீனத் துறவி சுவான்சாங், போதலகத்தைத் தென்கோடியில், மலைய மலைக்குக் கிழக்கே வைக்கிறார். அதற்கு வடகிழக்கே கடற்கரையில் சிங்கள நாட்டுக்குக் கப்பலேறும் நகரம் ஒன்று உண்டு என்றும் எழுதுகிறார். புதுருவகலயில் அவலோகிதர் அருகே நிற்கும் சுதன குமாரனின் கதையும் இதே நிலத்தில்தான் நடக்கிறது. ஞானம் தேடித் தெற்கே நடந்த அவன் திராவிட நாட்டு மேகன் என்னும் ஆசானிடம் பாடம் கேட்டு, வழிநெடுகப் பலரைக் கண்டு, போதலகத்தில் அவலோகிதர் முன் போய் நிற்கிறான். ஜாவாவின் போரோபுதூரில் இந்தப் பயணம் நூற்றுக்கணக்கான புடைப்புப் பலகைகளில் விரிகிறது.

கெமர் நாட்டில் அவலோகிதருக்கு உச்சகாலம் வந்தது 1181இல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மன் ஆட்சியில். அவனுக்கு முன் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட் திருமாலின் கோயில். ஜெயவர்மன் பௌத்தன். 1186இல் தாயின் நினைவாகத் தா புரோம் கோயிலில் பிரஞ்ஞாபாரமிதையின் உருவத்தை நிறுவினான். 1191இல் தந்தையின் நினைவாகப் பிரியா கான் கோயிலில் லோகேஸ்வரரை நிறுவினான். தாய் ஞானத்தின் வடிவம், தந்தை கருணையின் வடிவம், மகனாகிய தான் புத்தன். கோயில் கட்டிய கையோடு தன் குடும்பத்தையே பௌத்தத் தத்துவத்துக்குள் வைத்துக் கட்டிவிட்டான் அந்த அரசன்.

இரு நாட்டுச் சிற்பிகளின் வேலைமுறையை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கோர் தாழ்ந்த வெள்ளச் சமவெளி. செதுக்கப் பாறை வேண்டுமென்றால் குலென் மலையடிவாரத்திலிருந்து மணற்கல்லை வெட்டிக் கால்வாய் வழியே கொண்டுவர வேண்டும். எனவே அடித்தளத்துக்கும் மதிலுக்கும் செம்புரைக் கல், கண்ணில் படும் இடத்துக்கு மணற்கல் என்று சிக்கனம் பிடித்தார்கள். உண்மையான வளைவு கட்டும் முறையை அவர்கள் கையாளவில்லை. ஒவ்வொரு கல்லையும் கீழ்க்கல்லைவிடச் சற்றே முன்தள்ளி வைத்து உச்சியில் மூடினார்கள். அதனால்தான் அங்கோரின் நடைக்கூடங்கள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கின்றன. பாயோன் முகங்களும் அடுக்கிய கற்களின் மேல் பிறகு செதுக்கியவையே. கல் பொருத்திய கோடுகள் கன்னத்திலும் உதட்டிலும் குறுக்கே ஓடுவதை இன்றும் காணலாம். ஊவாச் சிற்பிக்கோ வாசலிலேயே மலை நின்றது. அவன் கல் சுமக்க வேண்டியிருக்கவில்லை. சாரம் கட்டி ஏறி, உச்சியிலிருந்து கீழே வந்தால் போதும்.

இரு நாட்டையும் நேரடியாகப் பிணைக்கும் கதை ஒன்று அங்கோரிலேயே கல்லில் இருக்கிறது. ஜெயவர்மன் வெட்டிய வடக்கு ஏரியின் நடுவே ஒரு தீவு. அதில் நியாக் பியான் என்னும் சிறு கோயில். சதுரக் குளம், அதன் நாற்புறமும் நான்கு சிறு குளங்கள், நடுவே நாகங்கள் சுற்றிய வட்ட மேடையில் கருவறை. பெரிய குளத்தின் நீர் யானை, குதிரை, சிங்கம், மனிதன் என்னும் நான்கு முகத் தூம்புகள் வழியே சிறு குளங்களில் விழும். அந்த நீரில் குளித்தால் நோய் தீரும் என்பது நம்பிக்கை. 102 மருத்துவமனைகளைத் தா புரோம் கல்வெட்டில் குறித்த அரசனின் கோயில் அல்லவா? இந்தப் பெரிய குளத்தில், கருவறையை நோக்கி நீந்தும் பாவனையில் ஒரு கற்குதிரை. அதன் இருபுறமும் மனிதர்கள் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குதிரையின் பெயர் பலாகன். ‘காரண்டவியூகம்’ என்னும் மகாயான நூலின்படி, சிம்ஹளன் என்னும் வணிகன் தோழர்களுடன் கப்பல் உடைந்து தாமிரத் தீவில் கரை ஒதுங்குகிறான். அங்கே அழகிய பெண்ணுருவில் அரக்கிகள் காத்திருக்கிறார்கள். அவலோகிதர் குதிரையாக வந்து அவனை முதுகில் ஏற்றிக் கடலைக் கடக்கிறார். அந்தத் தாமிரத் தீவு இலங்கைதான். கெமர் அரசன் தன் மருத்துவக் குளத்துக்குத் தேர்ந்த சிற்பம் இலங்கைக் கரையிலிருந்து தப்பிய வணிகர்களுடையது.

நோய் தீர்க்கும் அவலோகிதர் இலங்கைக்கும் தெரிந்தவரே. தென்கரையில் வெலிகம ஊரில் பாறையில் குடைந்த போதிசத்துவர் உருவம் ஒன்று உண்டு. அதைக் குஷ்டராஜா, அதாவது தோல்நோய் கண்ட அரசன், என்கிறார்கள். நோயோடு வந்த அரசன் ஒருவன் அங்கே குணமடைந்தான் என்பது கதை. அறிஞர் பலர் அந்த உருவத்தை அவலோகிதேஸ்வரர் என்கிறார்கள். அங்கோரிலும் ‘தொழுநோய் அரசன்’ பெயரில் ஒரு மேடை இருப்பது விந்தையான ஒற்றுமை.

பிறகு இரு நாட்டிலும் அவலோகிதரின் செல்வாக்கு சரிந்தது. அந்தச் சரிவில் இலங்கைத் துறவிகளுக்கும் பங்குண்டு. பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு 1165 அளவில் சங்கத்தைத் தூய்மைப்படுத்தி மகாவிகாரை மரபின் கீழ் ஒன்றாக்கினான். அபயகிரியின் தனிவழி அத்துடன் முடிந்தது. அதே அரசன் பர்மாவின் மீது படை அனுப்பியதற்குச் ‘சூளவம்சம்’ சொல்லும் காரணங்களில் ஒன்று, கம்போஜத்துக்கு, அதாவது கெமர் நாட்டுக்கு, அனுப்பப்பட்ட இளவரசியைப் பர்மிய மன்னன் வழிமறித்துப் பிடித்தான் என்பது. பராக்கிரமபாகுவின் புதிய மரபைக் கற்றுத் தேர்ந்து 1190 அளவில் ஐந்து துறவிகள் பர்மாவுக்குக் கப்பலேறினார்கள். 1476இல் பெகுவில் பொறித்த கல்யாணி கல்வெட்டு அவர்கள் பெயரைத் தருகிறது. தலைவர் சபதர். உடன் சென்றவர்களில் ஆனந்தர் காஞ்சிபுரத்துக்காரர். தாமலிந்தர் கம்போஜ மன்னனின் மகன். லோகேஸ்வரருக்குக் கோயில்மேல் கோயில் கட்டிய ஏழாம் ஜெயவர்மனே அந்தத் தந்தையாக இருக்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் செதே கருதினார்.

1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுவர் சூ தாகுவான், அங்குள்ள பௌத்தக் கோயில்களில் சாக்கியமுனியின் ஒரே ஓர் உருவம்தான் இருக்கிறது என்று குறித்துவைத்தார். நூறாண்டுக்குள் தேரவாதம் அங்கே வேரூன்றிவிட்டது.

இலங்கையில் அவலோகிதர் முற்றாக மறையவில்லை. நாத தெய்வம் என்ற பெயரில் கண்டியில் குடியேறினார். தலதா மாளிகைக்கு எதிரே 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாத தேவாலயம் நகரின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று. கண்டியில் முடிசூடிய அரசர்கள் தம் அரசப் பெயரை ஏற்றது இந்தத் தேவாலயத்தில்தான். 1739இலிருந்து ஆண்ட நாயக்க அரசர்கள் மதுரை வழிவந்தவர்கள். பொதிகைக்கு அருகேயிருந்து வந்த குடும்பம் பொதிகையின் போதிசத்துவர் முன் சிங்கள அரசப் பெயர் சூடிக்கொண்டது.

அந்த அரசு 1815இல் வீழ்ந்தது. அதைக் கைப்பற்றிய ஆங்கில ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக் 1817, 1818 ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லசவிலும் எழுந்த கிளர்ச்சியை ஊர்களையும் வயல்களையும் எரித்து அடக்கினார். அவர் தன்னோடு கொண்டுபோன பொருள்களில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே எங்கோ கிடைத்த தாரையின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலையும் ஒன்று. 143 சென்ரிமீற்றர் உயரம், 8ஆம் நூற்றாண்டு வேலை. 1830இல் அதைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இடைக்கு மேல் ஆடையற்ற பெண்தெய்வத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத் தயங்கி, அருங்காட்சியகம் நெடுங்காலம் ஆய்வாளர்களுக்கு மட்டுமே அதைக் காட்டியது. 2010இல் பிபிசி வானொலி நூறு பொருள்களின் வழியே உலக வரலாற்றைச் சொன்னபோது இந்தத் தாரை 54ஆம் பொருளாக இடம்பெற்றாள். வெல்லவாயக் காட்டில் அவலோகிதரின் பக்கத்தில் நிற்கும் தாரையைப் பார்க்க ஹல்துமுல்லைக்காரருக்கு விமானம் வேண்டாம். கதிர்காமம் போகும் வண்டியை அந்தக் கிளைப்பாதையில் திருப்பச் சொன்னால் போதும்.