"ஏன் ரயில்வே?" - நான் சொல்லிக்கொடுத்த தவறான பதில்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் மகளுடன் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பெண் ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறாள். "இன்டர்வியூவில் 'ஏன் ரயில்வே'ன்னு கேட்டா என்ன சொல்லணும் சார்?" என்று கேட்டார் அப்பா. கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கிடையாது என்றேன். அவருக்கு நிம்மதி. எனக்குத்தான் பழைய நினைவு ஒன்று குறுகுறுத்தது.

தொண்ணூறுகளில் கும்மிடிப்பூண்டி மாணவன் ஒருவன் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்துக்கு முன் என்னிடம் வந்தான். "நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று சொல்லும்படி மனப்பாடம் செய்வித்தேன். "என்ன சேவை?" என்று அடுத்த கேள்வி வந்ததும் விழித்திருக்கிறான். வேலை கிடைக்கவில்லை. பிறகு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போனான்.

அவன் அப்பா ரயில்வே கீமேன். தினமும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்ததை இறுக்குபவர். பதில் அவன் வீட்டிலேயே இருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை.

நம் மாவட்டத்துக்கும் ரயிலுக்கும் உறவு பழையது. 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது திருவள்ளூர் வழியாகத்தான் போனது. கும்மிடிப்பூண்டி வழியாக விஜயவாடா செல்லும் வடக்குப் பாதை 1899-ல் இணைந்தது. அன்றிலிருந்து இந்தப் பாதைகளைக் காத்து நின்றவர்கள் கீமேன்கள், கேட் கீப்பர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள்.

2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் போகாமல் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன. பலர் காயமடைந்தார்கள், நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. செய்தி கேட்டதும் அந்தக் கீமேனைத்தான் நினைத்தேன். "என்ன சேவை?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்: ரயிலில் தூங்குகிறவர்கள் பத்திரமாக ஊர் சேர வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "நிலையான சம்பளம் வேண்டும் என்று நினைப்பதில் வெட்கமில்லை அம்மா. ஆனால் நீ கேட்கும் பதவி என்ன வேலை செய்கிறது, அதில் கவனம் பிசகினால் யாருக்கு ஆபத்து, அந்தப் பொறுப்புக்கு உன்னிடம் என்ன இருக்கிறது, இந்த மூன்றையும் உன் சொந்த வார்த்தையில் எழுதிப் பார்." நேர்முகம் போனாலும் கேள்வி போகவில்லை. நள்ளிரவு டியூட்டியில் கண் சொக்கும்போது அதை அவளே தன்னிடம் கேட்டுக்கொள்வாள்.

அந்தக் கும்மிடிப்பூண்டி மாணவன் இதைப் படித்தால், தம்பி, தவறு உன்னுடையதல்ல, என்னுடையது.