செவியருகே ஒரு சிற்றறை

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரிலே மார்மன் சபையாரின் பெருமண்டபம் ஒன்று உண்டு. அங்கே நிகழ்ந்த அருளுரைகள் தம் செவிக்குத் தெளிவாக எட்டவில்லையே என்று வருந்தினார் நத்தானியல் பால்ட்வின் என்பவர். அக்குறையைத் தீர்க்க எடுத்த முயற்சியே ஹெட்போன் ஆக்கத்தில் அவரைக் கொண்டு சேர்த்தது என்பர். 1910ஆம் ஆண்டில் அவர் அனுப்பிய மாதிரியைச் சோதித்த அமெரிக்கக் கடற்படையினர் வியந்து, மேலும் வேண்டும் என்று கேட்டனர். அக்கருவி உருவான தொழிற்சாலை எது? அவர் வீட்டுச் சமையலறை!

அந்நாளைய கேட்புக் கருவியில் மின்காந்தம் இரும்புத் தகட்டை நேரே இழுத்து அதிரச் செய்தது. பால்ட்வினோ காந்த முனைகளின் நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டைச் சமநிலையில் நிறுத்தி, அதன் அசைவை மெல்லிய கம்பி வழியே மைக்காத் தகட்டுக்குக் கடத்தினார். நலிந்த மின்னோட்டமும் கேட்கும் ஒலியாயிற்று. புகழும் பொருளும் குவிந்தன. ஆயினும் 1924இல் அவருடைய நிறுவனம் நொடித்தது. பின்னர்ச் சிறைவாசமும் நேர்ந்தது. 1961இல் அவர் மறைந்தபோது அவரை நினைத்தோர் சிலரே.

தந்திக் குறிகளைக் கேட்போர்க்கு இசை தேவையில்லை. தகடு ஏதேனும் ஒரு சுருதியில் ஒத்ததிர்ந்து உரக்க ஒலித்தால் அவர்க்கு அது நன்மையே. இசைக்கோ அதுவே கேடு. ஒரு சுரம் ஓங்கினால் மற்றவை மங்கிவிடும். எனவே இசைக்காக ஹெட்போனைத் திருத்த முனைந்தோர் முதலில் மாற்றியது ஒலியெழுப்பும் உறுப்பையே. 1937இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனம் கம்பிச்சுருளால் இயங்கும் டி.டி. 48ஐ வெளியிட்டது. 1958இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், சிறிய ஒலிபெருக்கிகளையே இரு கிண்ணங்களுள் அடக்கி, வீட்டிலிருந்தே ஸ்டீரியோ இசை கேட்க வழி செய்தார்.

உறுப்பை மாற்றினால் போதும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். படலம் முன்னே ஒலி எழுப்பும்போதே பின்னேயும் எழுப்புகிறது. பின்னொலி கிண்ணச் சுவரில் மோதித் திரும்பி, மெல்லிய படலத்தை ஊடுருவிச் செவியை அடைகிறது. அடைபட்ட காற்றோ சுருள்வில்லைப் போல் படலத்தைத் தள்ளுகிறது. ஆதலால் ஒரு கருவிக்கு இசைந்த உறுப்பு மற்றொன்றின் கிண்ணத்தில் அமர்ந்தால் குரலே மாறிவிடும். 1968இல் சென்ஹைசர் நிறுவனத்தார் எச்.டி. 414இல் கிண்ணத்தை அடைக்காமல் திறந்தே விட்டனர். பின்னொலி வெளியே போகட்டும் என்று விட்டுவிட்ட துணிவு அது!

மூடிய கிண்ணத்திற்கு வேறு மருந்து வேண்டும். அதுவே அதிர்வைத் தணித்தல். இத்திருத்தத்தை ஆர்வலர்கள் கலையாகவே வளர்த்தது, தட்டைப் படலக் கருவிகளில்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் கடத்தித் தடம் பதித்து, துளையிட்ட காந்தங்களின் நடுவே தொங்கவிடும் முறை அது. 1976இல் யமஹா எச்.பி. 1 அவ்வகையில் வந்தது. ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி 50 ஆர்.பி.யும் அவ்வினமே, விலை குறைந்ததாகையால் பலரும் அச்சமின்றித் திருகாணியைக் கழற்றினர்.

உள்ளே அவர்கள் வைத்தவை எளிய பொருள்களே. சிறுவர் விளையாடும் களிமண் பசையைக் கிண்ணச் சுவரில் அப்பினால் கனம் கூடிச் சுவர் நடுங்காது. பஞ்சும் ஃபெல்ட் துணியும் பின்னொலியை விழுங்கும். (மிருதங்கத்தின் இடந்தலையில் ரவைப் பசை அப்பிச் சுருதியைத் தாழ்த்தும் நம் கலைஞருக்கு இது விந்தையாகாது; நோக்கம் வேறு, கைப்பழக்கம் ஒன்றே.) ஆனால் பஞ்சு மிகுந்தால் இசை உயிரிழந்து போகும், குறைந்தால் கிண்ணத்தின் முழக்கம் எழும். அளவு சொல்லும் வாய்ப்பாடு ஏது? வைத்துக் கேட்டு, எடுத்துக் கேட்டு, மீண்டும் வைத்தே அறிந்தனர்.

அவ்வாறு பழகிய டான் கிளார்க் என்னும் அமெரிக்கர் 2013இல் ஆல்ஃபா டாக் என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். உள்ளே பாடியது ஃபாஸ்டெக்ஸின் அதே உறுப்பு. கிண்ணம் மட்டும் முப்பரிமாண அச்சுப்பொறியில் அவர் புதிதாக வார்த்தது.