பொம்மை முயலை விரட்டக் கிரேஹவுண்டைப் பழக்குதல்

பந்தயத் தடத்தின் ஓரத் தண்டவாளத்தில் விரையும் பொம்மை முயலைக் கண்டதும் பாயவும், பக்கத்து நாய்களைப் பொருட்படுத்தாமல் ஓட்டம் முடியும் வரை அதையே துரத்தவும் கிரேஹவுண்ட் நாய்க்குக் கற்றுத்தரும் முறை விரட்டுப் பயிற்சி எனப்படும். ஆங்கிலத்தில் இந்தப் பொம்மைக்கு லூர் என்று பெயர். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இப்பயிற்சி தனித் தொழிலாகவே வளர்ந்தது.

குதிரைப் பந்தயத்தில் முதுகில் ஆள் உண்டு, கையில் கடிவாளம் உண்டு. கிரேஹவுண்ட் பந்தயத்தில் கதவு திறந்த நொடியிலிருந்து நாய் தன் விருப்பப்படிதான் ஓடுகிறது. விரட்டும் ஆவல் அதன் பிறவிக் குணம். உயிரற்ற ஒரு பொருளின்மேல் அந்த ஆவலைத் திருப்புவதும், அச்சமோ சலிப்போ வலியோ அதை அணைத்துவிடாமல் காப்பதுமே பயிற்சியாளரின் வேலை.

விரட்டும் இயல்பு

மோப்பத்தை நம்பாமல், கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைநாய் வகையைச் சேர்ந்தது கிரேஹவுண்ட். தமிழ்நாட்டின் கன்னி, சிப்பிப்பாறை நாய்களும் இவ்வகையினவே. ஒடுங்கிய நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு, வில்போல் வளையும் முதுகு ஆகியவை இவற்றின் பொதுச் சாயல். பாய்ச்சலின் ஒவ்வொரு சுற்றிலும் கிரேஹவுண்டின் நான்கு கால்களும் இருமுறை தரையை விட்டு எழும்: கால்கள் உடலுக்கடியில் குவியும்போது ஒருமுறை, முன்னும் பின்னும் விரியும்போது மறுமுறை. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் இதயம் பெரியது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கும் மற்ற நாயினங்களைவிட அதிகம்.

நீண்ட மூக்குள்ள நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் கிடைமட்டமான ஒரு பட்டையில் நெருங்கி அமைந்துள்ளன. அதனால் தொடுவானத்தை ஒட்டிய சிறு அசைவும் அவற்றின் கண்ணில் படுகிறது. நாய்களுக்கு நீலமும் மஞ்சளும் நன்கு தெரியும். சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. ஆகவே பொம்மை முயலைப்போல் இருக்கிறதா என்பதைவிட, முயலைப்போல் ஓடுகிறதா என்பதே முக்கியம். காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் பையைக்கூட இந்நாய்கள் முழு மூச்சாக விரட்டுகின்றன.

இரையைக் காணுதல், குறிவைத்தல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்பது ஊனுண்ணி விலங்குகளின் வேட்டை வரிசை. கிரேஹவுண்டின் தலைமுறைத் தேர்வில் துரத்தும் படியே மிகுதியாக வலுப்பெற்றது. துரத்தலே அதற்கு இன்பம் தருகிறது. விரட்டுப் பயிற்சி முழுவதும் இந்த அடிப்படையின்மேல் நிற்கிறது.

வரலாறு

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் அர்ரியன், கெல்ட் மக்கள் வேகமான நாய்களை முயலின்பின் ஏவும் வழக்கத்தை விரிவாக எழுதினார். முயலைப் பிடிப்பதற்காக அன்றி, நாயும் முயலும் போட்டியிடும் ஓட்டத்தைக் காண்பதற்காகவே நல்ல வேட்டைக்காரர் நாயை அவிழ்க்கிறார் என்பது அவர் கருத்து. இங்கிலாந்தில் இவ்விளையாட்டு இரண்டிரண்டு நாய்களாக முயலின்பின் ஏவும் போட்டியாக உருப்பெற்றது. லங்காஷயரின் கிரேட் ஆல்ட்கார் வயல்வெளியில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை அதன் தலையாய போட்டி. வேட்டைத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டோடு அது முடிவுக்கு வந்தது.

முயலுக்குப் பதில் பொம்மையை ஓடவிடும் முயற்சி 1876இல் லண்டனுக்கு அருகே ஹெண்டனில் நடந்தது. நேர்த் தண்டவாளத்தில் ஏறத்தாழ 400 கஜ தூரத்துக்குப் பொம்மையை இழுத்தார்கள். வளைவே இல்லாத பாதையில் வேகமான நாய் எளிதில் வென்றதால் மக்களின் ஆர்வம் விரைவில் வடிந்தது. பொம்மையைப் பந்தயத்தின் மையமாக்கியவர் அமெரிக்கர் ஓவன் பேட்ரிக் ஸ்மித். முயல்கள் கொல்லப்படாத ஒரு போட்டியைத் தேடி, வட்டத்தடத்தைச் சுற்றி ஓடும் இயந்திர முயலைப் பல ஆண்டுகள் செப்பனிட்ட அவர், 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் தம் தடத்தைத் திறந்தார். 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வ்யூ அரங்கில் பிரிட்டனின் முதல் வட்டத்தடப் பந்தயம் நடந்தது. 1927இல் பெல்பாஸ்டிலும் டப்ளினிலும் சிட்னியிலும் இவ்விளையாட்டு வேரூன்றியது. ஆஸ்திரேலியர்கள் அந்நாளில் இதைத் தகர முயல் பந்தயம் என்றே அழைத்தார்கள்.

இந்த மாற்றம் பயிற்சியாளர்முன் புதிய சிக்கலை வைத்தது. வயல்வெளியில் முயல் திசை மாற்றி ஓடும். சில நேரம் நாயிடம் பிடிபடும். தண்டவாளப் பொம்மையோ ஒரே பாதையில் ஓடி, பிடிபடாமலே மறையும். பிடிக்க முடியாத ஒன்றை நாய் மீண்டும் மீண்டும் விரும்பித் துரத்தச் செய்ய வேண்டியிருந்தது.

பொம்மையும் அதை இயக்குபவரும்

மின்விசையால் இழுக்கப்படும் சிறு வண்டியும் அதிலிருந்து தடத்தின் மேலாக நீளும் கையும் பொம்மையைத் தாங்குகின்றன. தண்டவாளம் சில தடங்களில் உள்விளிம்பிலும் சிலவற்றில் வெளிவிளிம்பிலும் இருக்கும். பொம்மை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே நாய்களின் ஓட்டமும் சாயும் என்பதால், உள்பொம்மைத் தடத்தில் பழகிய நாய்க்கு வெளிபொம்மைத் தடம் புதிது. அங்கே ஒத்திகை ஓட்டம் தேவைப்படும்.

உயரமான அறையில் அமர்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்துபவரின் கைத்திறன் பந்தயத்தின் நேர்மைக்கும் நாய்களின் பாதுகாப்புக்கும் அடிப்படை. பொம்மை மிகத் தொலைவில் போனால் ஆர்வம் குன்றும். மிக அருகில் வந்தால் முன்னணி நாய் தயங்கும், பின்வருபவை நெருக்கியடிக்கும், வளைவில் மோதல் நேரும். முன்னணி நாய்க்குச் சில மீட்டர் முன்னால், வளைவிலும் நேர்ப்பகுதியிலும் ஒரே சீராக அதை ஓட்ட வேண்டும்.

பயிற்சியின் படிகள்

குட்டிப் பருவத்தின் முதல் பாடம் விளையாட்டு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை நீண்ட, வேலியடைத்த திடல்களில் சேர்த்து வளர்ப்பார்கள். அடுத்த திடலின் குட்டிகளோடு வேலியோரமாகப் போட்டி போட்டு ஓடும்போதே எலும்பும் தசையும் முற்றுகின்றன. நெருக்கத்தில் ஓடும் சமநிலையும் வருகிறது. கந்தல் துணியையோ ஆட்டுத்தோல் துண்டையோ கயிற்றில் கட்டி ஆட்டிக் காட்டுவதும் இப்பருவத்தில்தான். குட்டி துரத்த வேண்டும், கவ்வ வேண்டும், சற்று நேரம் தன்னுடையதாக வைத்திருக்கவும் வேண்டும். ஓரிரு முறை ஓடியதும், ஆசை மிச்சமிருக்கையிலேயே நிறுத்திவிடுவது தேர்ந்தவர்களின் வழக்கம்.

அடுத்தது இழுபொம்மை. மோட்டார் சுழற்றும் உருளை நீண்ட கயிற்றைச் சுருட்ட, அதன் நுனியில் கட்டிய பொம்மை புல்தரையில் துள்ளிவரும். கீச்சிடும் கருவியைப் பொம்மையோடு இணைப்பதும் உண்டு. அமெரிக்கப் பண்ணைகளில் நடுக்கம்பத்தைச் சுற்றிச் சுழலும் நீண்ட கையில் பொம்மையைக் கட்டி, குட்டிகளை வட்டமாக ஓடவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் இதற்கென வேலியடைத்த சிறு வட்டத் திடல்கள் உள்ளன. வளைவில் உடலைச் சாய்த்து ஓட நாய் இங்கே கற்கிறது.

முறையான பழக்கல் ஓராண்டு நிறைந்தபின் தொடங்கும். முதலில் கழுத்துப்பட்டை, வார், வாய்க்கூண்டு, வண்டிப் பயணம், கொட்டிலில் தனியே அமைதியாக இருத்தல் ஆகியவை பழக்கப்படும். இவற்றில் பயந்த நாய் தடத்தில் நன்றாக ஓடாது. பிறகு தடத்தின் நேர்ப்பகுதியில் கையவிழ்ப்பு: பயிற்சியாளர் நாயைப் பிடித்தபடி நிற்பார், பொம்மை இரைச்சலோடு கடந்து சில அடி முன்னேறியதும் விட்டுவிடுவார். முதலில் குறுந்தொலைவு, பின் ஒரு வளைவு, பின் இரண்டு வளைவுகள் என ஓட்டம் நீளும்.

புறப்பாட்டுப் பெட்டிக்குத் தனிப் பொறுமை வேண்டும். முதல் நாட்களில் முன்கதவும் பின்கதவும் திறந்தே இருக்கும். நாய் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறும். பிறகு முன்கதவு மட்டும் திறந்திருக்க, உள்ளிருந்து பொம்மையைப் பார்த்தபடி பாயும். பெட்டி தன்னை அடைக்கும் இடம் என்ற எண்ணம் மறைந்து, அதைத் துரத்தலின் தொடக்கமாக நாய் அறிந்த பிறகே முன்கதவை மூடிப் பழக்குவார்கள். நாளடைவில் தண்டவாளத்தின் ஒலி கேட்டதுமே நாய் தாழ்ந்து குனிந்து ஆயத்தமாகிவிடும். முதல் சில அடிகளிலேயே பந்தயத்தின் போக்கு பெரிதும் தீர்மானமாவதால் இந்தப் பாடத்துக்கு மதிப்பு அதிகம்.

தனியே முழுத்தொலைவும் ஓடத் தேறிய நாயை ஒரு துணையோடும், பின்னர் மூன்று நான்கு நாய்களோடும் ஓடவிடுவார்கள். துணையாக வருவது பொம்மையில் மட்டும் கண் வைக்கும் நாயாக இருக்க வேண்டும். உரசும் நாயோடு முதல் ஓட்டம் அமைந்தால், இளம் நாய் உரசவோ ஒதுங்கவோ கற்றுவிடும். பிரிட்டனில் 15 மாதமும் ஆஸ்திரேலியாவில் 16 மாதமும் நிறைந்த நாய்களே போட்டியில் ஓடலாம். முந்தைய நாட்டில் ஒரு பந்தயத்துக்கு வழக்கமாக ஆறு நாய்கள், பிந்தையதில் எட்டு.

விரட்ட மறுத்தல்

ஓடும் வழியில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது, முந்தும் வாய்ப்பிருந்தும் பக்கத்து நாயோடு சேர்ந்தே ஓடுவது, தலையைத் திருப்பி மற்ற நாயை வாய்க்கூண்டால் இடிப்பது ஆகியவை விதிமீறல்கள். ஆஸ்திரேலியாவில் முதல்முறை பிடிபடும் நாய்க்கு 28 நாள் தடை. மீண்டும் ஓட, ஒத்திகையில் தேற வேண்டும்.

இவற்றுக்கு முதலில் தேட வேண்டிய காரணம் வலி. பந்தயங்கள் இடஞ்சுழியாக ஓடுவதால் வளைவுகளில் வலப் பின்காலின்மேல் பெருஞ்சுமை விழுகிறது. வலக் கணுக்காலின் மைய எலும்பு முறிவு இந்நாய்களிடம் அடிக்கடி காணப்படும் காயம். மணிக்கட்டு, தோள், தொடைத் தசைக் காயங்களும் பல. பொம்மையைவிட்டுக் கவனம் சிதறும் நாய் பலநேரம் நோயாளி. மருத்துவர் தொட்டுப் பார்க்கும் முன் அதைச் சோம்பேறி என்று முத்திரை குத்துவது அநீதி. உடல் சரியாக இருந்தால், தடத்தை விட்டுவிட்டு இழுபொம்மைக்குத் திரும்பி, தனியே குறுந்தொலைவு ஓடவிட்டு, முடிவில் பிடிக்கவும் விடுவது பலன் தரும்.

பிடிக்க விடுதல்

பந்தய முடிவில் பொம்மை கண்மறைந்து, நாய்கள் அடைப்புக்குள் ஓடி நிற்பது பரவலான முறை. துரத்தியது திடீரென மறைவதால் சில நாய்கள் ஏமாற்றத்தில் ஒன்றையொன்று சீண்டும். இதற்கு மாற்றாக, முடிவில் பொம்மை மெல்ல நின்று, வாய்க்கூண்டோடு நாய்கள் அதைச் சூழ்ந்துகொள்ள விடும் முறை ஆஸ்திரேலியாவின் சில தடங்களில் உள்ளது. உழைப்புக்குப் பரிசு கிடைத்தால் ஆர்வம் நீடிக்கும் என்பது எந்த விலங்குப் பயிற்சிக்கும் பொதுவான விதி. பந்தயத்தில் அது கிட்டாத நாய்க்குப் பயிற்சித் திடலிலாவது கிட்ட வேண்டும்.

உயிர் இரையும் தடையும்

உயிருள்ள முயலையோ பன்றிக்குட்டியையோ பொசம் என்னும் சிறு விலங்கையோ பொம்மையின் இடத்தில் கட்டி நாயை ஏவும் கொடுமை, சட்டம் தடுத்த பின்னும் மறைவில் தொடர்ந்தது. 2015 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சி அதைப் படம்பிடித்துக் காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த மைக்கேல் மெக்ஹ்யூ விசாரணை ஆணையத்தின் அறிக்கைக்குப் பின், 2016 ஜூலையில் அம்மாநிலம் பந்தயத்துக்கே தடை அறிவித்தது. அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றது. இன்று உயிர் இரை பயன்படுத்துவது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

இரத்த ருசி காணாத நாய் விரட்டாது என்ற நம்பிக்கையே இக்கொடுமைக்குச் சாக்காக இருந்தது. அந்த நம்பிக்கை பொய். கந்தல் துணியின்பின் பாயும் குட்டியும், ஒலி கேட்டதுமே பெட்டிக்குள் துடிக்கும் நாயும் அதற்குச் சான்று. கொல்லாமல் பழக்கும் வழி இருக்க, கொன்று பழக்குவது பயிற்சியாளரின் பொறுமைக் குறைவையே காட்டும்.

இன்றைய நிலை

காயங்களும் ஓய்வுபெற்ற நாய்களின் கதியும் எழுப்பிய கேள்விகளால் பந்தயத்தின் பரப்பு சுருங்கிவருகிறது. ஆஸ்திரேலியத் தலைநகர ஆட்சிப்பகுதி 2018இல் இதைத் தடைசெய்தது. புளோரிடா மக்கள் 2018 நவம்பரில் வாக்களித்ததன்படி அங்கே 2020 இறுதியோடு பந்தயங்கள் நின்றன. நியூசிலாந்து 2024 டிசம்பரிலும் வேல்ஸ் 2025 பிப்ரவரியிலும் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரும் முடிவை அறிவித்தன.

ஓய்வுபெற்று வீடுகளுக்குச் செல்லும் கிரேஹவுண்டுகள் பெரும்பாலும் சாதுவானவை. நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிப்பவை. ஆனால் விரட்டும் குணம் போவதில்லை. வெளியில் வாரில் பிடித்தே நடத்த வேண்டும். பூனை முதலிய சிறு விலங்குகளோடு தனியே விடக்கூடாது. பந்தயப் பணமில்லாமலே இக்குணத்துக்கு வடிகால் தரும் விளையாட்டும் உள்ளது. கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைநாய்களுக்காக அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய சங்கம், திறந்த வயலில் கப்பிகள் வழியே வளைந்து வளைந்து இழுக்கப்படும் பிளாஸ்டிக் பைகளை நாய்கள் துரத்தும் போட்டிகளை நடத்துகிறது. நாய்களின் வேகத்தோடு பின்தொடர்தல், ஆர்வம், வளைந்து திரும்பும் திறன், தாங்குதிறன் ஆகியவற்றுக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. குட்டிப் பருவத்தில் கந்தல் துணியோடு தொடங்கும் பயிற்சி முறை பந்தயத் தடங்கள் மூடிய நாடுகளிலும் இவ்வகையில் பயன்பட்டுவருகிறது.