தகர வில்லையும் பரிசு அட்டையும்

அண்மையில் அருப்புக்கோட்டையில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மொய் எழுதும் மேசையில் வந்து சேர்ந்த உறைகளுள் ஒன்றில் பணத்துக்குப் பதிலாக ஒரு பரிசு அட்டை இருந்தது. மொய் நோட்டை எழுதிக்கொண்டிருந்த பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்று கேட்டார். எங்களை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது அந்தக் கேள்விதான்.

மொய்ப்பணத்தை எங்கும் செலவழிக்கலாம். ஆனால் நோட்டில் ஏறிய தொகையை ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும். பரிசு அட்டை இதற்கு நேர்மாறானது. திருப்பித் தர வேண்டாம். ஆனால் நினைத்த இடத்தில் செலவழிக்கவும் முடியாது. ஒரு கடை தன் பெயரில் வெளியிடும் அட்டை அந்தக் கடையில் மட்டுமே செல்லும். வங்கிகள் போன்றவை வெளியிடும் பரிசு அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை 10,000 ரூபாய் உச்சவரம்பு விதித்தது. அட்டையில் உள்ளதைப் பணமாக எடுக்கவும் அது இடமளிக்கவில்லை. பணத்தை ஒருவர் முன்பே கட்டிவிடுகிறார். எங்கே செலவழிப்பது என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

முன்பே பணம் கட்டப்பட்ட இத்தகைய வில்லையொன்றை நம் வறண்ட சீமை நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் நம் முன்னோர் பலர் கண்டிச் சீமைக்குப் போனார்கள்.

கண்மாய் வற்றினால் கஞ்சிக்கு வழியில்லாத கரிசல் பூமி இது. இலங்கைத் தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் அனுப்பிய பகுதிகளுள் பழைய இராமநாதபுரம், மதுரைச் சீமைகள் அடங்கும். 1876-78 பஞ்சத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும் கங்காணிகள் ஊர் ஊராக வந்து, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். குண்டாற்றங்கரைத் திருச்சுழிக்கு அன்று இரயில் கிடையாது. மூட்டை முடிச்சோடு நடந்தே இரயிலடிக்கோ கடற்கரைக்கோ போக வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பயணத்துக்காகத் தகர வில்லை முறை வந்தது. 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தை நிறுவினர். ஒவ்வொரு வில்லையிலும் தோட்டத்துக்குரிய எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் போதும். கையில் ஒரு தம்பிடி இல்லாதவருக்கும் வழியில் சோறு கிடைக்கும், இரயிலிலும் கப்பலிலும் இடம் கிடைக்கும். எந்தத் தோட்டத்தின் எண்ணோ அந்தத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வழிச்செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

அது அங்கேயே நின்றுவிடவில்லை. தோட்டம் அதைக் கங்காணியின் பற்றில் எழுதியது. கங்காணி தன் ஆட்களின் தலையில் எழுதினார். வில்லையைக் கழுத்தில் வாங்கியவருக்கு இலவசமாகத் தோன்றிய சோறும் பயணமும், மலையேறி முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே கடனாகி நின்றன.

அடுத்து வந்தது 'துண்டு'. நாம் தோளில் போடும் துண்டல்ல, துண்டுச் சீட்டு. இன்ன கங்காணியின் ஆட்கள் பட்ட கடனைக் குறித்த காலத்துக்குள் கட்டுபவருக்கு அவர்களை விட்டுக்கொடுக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் தாள் அது. வேறொரு துரை பணத்தைக் கட்டினால் கூட்டம் அங்கே மாறும். கடனும் கூடவே மாறும், பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக. வெள்ளைக்காரத் துரைமாரும் அச்சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்துத் தங்கள் ஆவணங்களில் 'துண்டு' என்றே எழுதினர். பரிசு அட்டை பணத்தை ஒரு கடையோடு கட்டிப்போடுகிறது. அந்த வில்லையும் துண்டும் மனிதரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன.

1921இல் இலங்கைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தையும் அதன் கீழ் மறு ஆண்டு வந்த விதிகளையும் ஒட்டி, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பது நின்றது. தோட்டங்கள் பொது நிதியிலிருந்து அதை ஏற்றன. தகர வில்லை உண்மையில் இலவசமானது அப்போதுதான். 1939இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதையே தடைசெய்துவிட்டது.

1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்தது. பின்வந்த ஆண்டுகளில், தாத்தன் வில்லையோடு கடந்த கடலைப் பேரன்மார் வேறோர் அட்டையோடு கடந்து வந்தார்கள். குடும்ப அட்டை என்ற அந்த ஆவணத்தில் மறுவாழ்வு உதவி குறிக்கப்பட்டிருந்தது. எந்தத் தொழில், எந்த ஊர் என்பதையும் பலருக்கு அரசே முடிவு செய்தது.

பரிசு அட்டையை அந்தத் தகர வில்லையோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லலாம். வலியில் இரண்டும் ஒன்றல்ல என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பணம் கட்டியவர் யார், அது யார் கணக்கில் ஏறுகிறது, வேறிடம் போக வழியுண்டா என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது. அன்று வில்லையைக் கழுத்தில் வாங்கியவர்களுக்கு இவற்றைக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

மொய் மேசைப் பெரியவர் அந்த அட்டையைக் கடைசியில் எழுதிக்கொண்டார். தொகைக்கு நேரே கடையின் பெயரையும் சேர்த்தே எழுதினார். அது சரியான கணக்கு என்றே எங்களுக்குப் படுகிறது.