தென்னார்க்காட்டில் ஆங்கிலேய–பிரெஞ்சுப் போர்கள்

செஞ்சி, விக்கிரவாண்டி, திண்டிவனம், கடலூர், புதுச்சேரி ஆகிய ஊர்களைச் சுற்றி 1746 முதல் 1783 வரை விட்டுவிட்டு நடந்த போர்கள். பாடநூல்களில் ‘கர்நாடகப் போர்கள்’ எனப்படுபவையும் பின்னர் மைசூர் ஐதர் அலி காலத்துச் சண்டைகளும் இதில் அடங்கும். பம்பையாற்றங்கரைத் தேவாரத் தலமான திருவாமாத்தூர் இந்நிலப்பரப்பின் நடுவே உள்ளது. அதன் வடமேற்கே செஞ்சிக்கோட்டை, கிழக்கே புதுச்சேரி, தென்கிழக்கே கடலூர். இம்மூன்றையும் பிடிக்கவும் காக்கவும் புறப்பட்ட சேனைகள் பலவும் இந்த வட்டாரத்து வயல்வெளிகளைக் கடந்தன.

பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் குடியேறினர். 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரு கம்பெனிகளும் துணி வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டிருந்தன. ஆஸ்திரிய அரியணை யாருக்கு என்ற வழக்கில் ஐரோப்பிய அரசுகள் மோதிக்கொண்டபோதுதான் இங்கே பீரங்கி வெடித்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1748 உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயருக்கும், வட அமெரிக்காவில் அவர்கள் பிடித்திருந்த லூயிபூர் கோட்டை பிரான்சுக்கும் திரும்பின. சென்னையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஐரோப்பாவில் சமாதானம் என்றதும் கம்பெனிகள் உள்ளூர்ப் பூசல்களுக்குள் புகுந்தன. ஆற்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபைப் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே ஆதரித்தார்; முகமது அலியை ஆங்கிலேயர் ஆதரித்தனர். 1749இல் ஆம்பூர்ப் போரில், பதவியிலிருந்த நவாபு அன்வருதீன் மாண்டார். 1750 செப்டம்பரில், யாராலும் எளிதில் பிடிக்கமுடியாது எனப் பெயர்பெற்ற செஞ்சியைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் கைப்பற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே பாளையமிட்டிருந்த ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங், தம்முடன் வந்த நவாபு ஒருவரின் கையாலேயே கொல்லப்பட்டார். துய்ப்ளேயின் புகழ் உச்சிக்கு ஏறியது அப்போதுதான்.

சந்தா சாகிபு 1752 நடுவில் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். யாருக்காகப் போர் என்று சொல்லிவந்தார்களோ அவரே இல்லை, போரோ நிற்கவில்லை. இந்த ஒன்றே இப்போர்கள் யாருடையவை என்பதைக் காட்டிவிடுகிறது. அவர் இறந்த சில வாரங்களில் செஞ்சியை மீட்க ஆங்கிலேயர் படை கிளம்பியது. வேண்டாம் என்றார் அனுபவசாலியான ஆங்கிலேயப் படைத்தலைவர் இலாரன்ஸ். சென்னை ஆளுநர் சாண்டர்ஸ் கேட்கவில்லை. நாட்டுக்குப் புதியவரான மேஜர் கின்னியர் படையை நடத்திச்சென்று, கோட்டையின் வலிமையைக் கண்டு பின்வாங்கி, விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றார். அடுத்து பாகூரில் இலாரன்ஸ் பிரெஞ்சுக்காரரை முறியடித்துப் பழிதீர்த்தார். இரு பக்கமும் முன்வரிசையில் நின்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்நாட்டவரே. அணிவகுப்பும் துப்பாக்கியும் ஐரோப்பியப் பயிற்சி. கூலிக்காக ஏற்ற வேலை.

கர்நாடகப் போர்களின் மூன்றாம் கட்டத்தில் சுமை ஊர்மக்கள்மேல் நேரடியாகவே இறங்கியது. 1758இல் வந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி, வண்டிமாடு போதாமல் புதுச்சேரி மக்களைச் சாதி வேறுபாடு பாராமல் பீரங்கி இழுக்கவும் சுமை தூக்கவும் பிடித்தார். வரலாற்றாசிரியர்கள் இதைச் சாதியுணர்வை மதிக்காத பிழை என்றே எழுதிப்போகிறார்கள். பிடித்துவந்து வேலைவாங்கியதே பிழை என்று சொல்லத் தயங்குவது ஏனோ. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் லாலி தோற்றார். திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல், வழுதாவூர் எனக் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி பணிந்தது. 1736இலிருந்து இக்காலத்தைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்பு காலமானார். ஏப்ரலில் செஞ்சியும் போயிற்று.

வென்ற கட்சியின் நவாபுக்கும் நாடு தங்கவில்லை. தமக்காகப் போரிட்ட படையின் செலவுக்கு நிலவரியை அடகுவைத்த முகமது அலி கடனில் மூழ்கினார். 1801இல் ஆற்காட்டு நவாபுகளின் கர்நாடக நாட்டைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

அதற்கு முன்பே, அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு சேர்ந்ததால் இங்கே மீண்டும் போர் மூண்டது. பெருமுக்கல் கோட்டையை 1782இல் ஐதர் பிரெஞ்சுத் துணையுடன் பிடித்தார். 1783 ஜூனில் கடலூரில் கடும் சண்டை நடந்தது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்துசேர்வதற்குள் நூற்றுக்கணக்கானோர் வீணே மாண்டனர்.

வியட்நாமுக்குப் பிரெஞ்சு வழி திறந்ததிலும் புதுச்சேரிக்குப் பங்குண்டு. அரியணை இழந்த நுயென் ஆனுக்காக ஆயர் பிஞோ 1787இல் வெர்சாயில் ஒப்பந்தம் பெற்றுவந்தார். படை தரப் புதுச்சேரி ஆளுநர் கான்வே மறுக்கவே, பிஞோ இங்கிருந்தே கப்பலும் ஆயுதமும் தாமே திரட்டிக்கொண்டு போனார். உள்ளூர் வாரிசுப் பூசலில் வெளியார் துணை என்ற துய்ப்ளே காலத்து முறையே அங்கும். 1859இல் பிரெஞ்சுக்காரர் சைகோனைப் பிடித்தபின், புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் காவலராகவும் வரித்தண்டலராகவும் அங்கே பணிபுரிந்தனர். வியட்நாமை இரண்டாகப் பிரித்த ஜெனீவா உடன்பாடு 1954 ஜூலையில் கையெழுத்தானது. அதைக் கண்காணித்த ஆணையத்துக்குத் தலைமை இந்தியா. அதே ஆண்டு அக்டோபர் 18இல் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.