எரியாத பச்சை விளக்கு

சக்கரங்களை விமானத்தின் உடலுக்குள் மடக்கிக்கொள்ளும் முறை 1930-களில் பயணிகள் விமானங்களில் பரவியபோது, காற்றின் தடை குறைந்து வேகம் கூடியது. கூடவே, இறங்கும் வேளையில் அவை உண்மையிலேயே வெளிவந்து பூட்டிக்கொண்டனவா என்பதை இருக்கையிலிருந்தபடி பார்த்தறிய முடியாத புதிய இக்கட்டும் விமானிகளுக்கு வந்து சேர்ந்தது. விமானி அறையின் பச்சை விளக்குகள் இதற்காகவே அமைந்தவை: சக்கரத்தைத் தாங்கும் கால் இறங்கிப் பூட்டிக்கொண்டால் அதற்குரிய விளக்கு எரியும். அவ்விளக்கு எரியாமல் போன இரண்டு டிசம்பர் இரவுகள், விமானி அறைக்குள் யார் யாரிடம் எவ்வாறு பேசலாம் என்னும் வழக்கத்தையே மாற்றின.

1972 டிசம்பர் 29 இரவு நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்தில் முன்சக்கரத்துக்கான விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் ஆட்டோபைலட்டிடம், அதாவது திசையையும் உயரத்தையும் தானே பேணும் கருவியிடம், ஒப்படைத்துவிட்டு, விளக்கைக் கழற்றி ஆராய்வதிலும் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சக்கரத்தைக் கண்ணால் காண முயல்வதிலும் அனைவரின் கவனமும் குவிந்திருந்தது. அப்போது கட்டுப்பாட்டுத் தண்டு தற்செயலாக அழுத்தப்பட்டு, உயரம் காக்கும் அமைப்பு விடுபட்டது. எச்சரிக்கை மணி ஒலித்தும் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. மெல்லத் தாழ்ந்த விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியதில் 176 பேரில் 101 பேர் இறந்தனர். முன்சக்கரமோ சரியாகவே இறங்கியிருந்தது; கருகியிருந்தவை விளக்கின் குமிழ்கள் மட்டுமே.

ஆறாண்டுகளுக்குப் பின், 1978 டிசம்பர் 28 அன்று, போர்ட்லாண்டை நெருங்கிய யுனைடெட் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானத்தில், வலப்புறச் சக்கரத்தை இயக்கும் உருளையின் தண்டு அரிப்பால் முறிந்ததால் சக்கரம் பெரும் அதிர்வோடு விழுந்து, பூட்டு நிலையை அறிவிக்கும் சிறு மின்விசையும் சேதமுற்றது. சக்கரத்தின் நிலையைச் சரிபார்க்கவும் பயணிகளை அவசர இறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தவும் கேப்டன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டார். எரிபொருள் குறைந்துவருவதைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் அறிந்திருந்தனர், குறிப்பிடவும் செய்தனர். ஆயினும் அது கேப்டனைத் தடுத்து நிறுத்தும் அழுத்தத்தோடு சொல்லப்படவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைய, விமானம் ஓடுதளத்தை எட்டாமல் புறநகர்ப் பகுதியொன்றில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் மாண்டனர்.

இவ்விபத்தை ஒரு தனி மனிதரின் கவனக்குறைவாகச் சுருக்குவது அநீதியாகும். ஏனெனில் கேப்டனின் சொல்லே இறுதி என்பதும், கீழ்நிலையினர் குறிப்பாக உணர்த்துவதோடு நின்றுவிட வேண்டும் என்பதும் அன்றைய தொழிலின் ஊறிப்போன பண்பாக இருந்தன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் இதனைக் கண்டுகொண்டு, கேப்டன்களுக்குக் குழுவினரோடு கலந்து முடிவெடுக்கும் பயிற்சியும், ஏனையோருக்குத் தம் கருத்தை உறுதியாக எடுத்துரைக்கும் பயிற்சியும் அளிக்கப் பரிந்துரைத்தது. 1979-இல் நாசா இப்பொருள் குறித்து ஒரு பட்டறையைக் கூட்டியது. 1981-இல் யுனைடெட் நிறுவனமே இப்பயிற்சியைத் தொடங்கியது. விமானி அறை வள மேலாண்மை என வழங்கப்படும் இம்முறை, அறையிலுள்ள ஒவ்வொருவரின் அறிவையும் கண்களையும் விமானத்தின் உடைமையாகக் கருதுகிறது.

இம்முறையின் பயன் 1989 ஜூலை 19 அன்று வெளிப்பட்டது: அதே நிறுவனத்தின் டிசி-10 விமானமொன்று நீரியல் அழுத்தம் முழுவதையும் இழந்து, வழக்கமான முறையில் திருப்பவும் உயர்த்தவும் இயலாத நிலையில் சூ சிட்டியை நோக்கிச் சென்றபோது, பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் விமானி ஒருவரையும் கேப்டன் ஆல் ஹேன்ஸ் விமானி அறைக்குள் ஏற்று, இயந்திரங்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பை அவரிடம் அளித்தார். ஓடுதளத்தில் விமானம் சிதறி 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர்.