பேசும்போதும் பேசாதபோதும்: பிஆர்ஐ லைனும் சிப் டிரங்கும்

நாற்பது எக்ஸ்டென்ஷன் உள்ள அலுவலகத்துக்கு நாற்பது வெளி இணைப்பு தேவைப்படுவதில்லை. எத்தனை தேவை என்பதற்குச் சூத்திரம் கண்டவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய டேனிஷ் கணிதவியலாளர் எர்லாங். 1917-இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றைக்கும் மாறவில்லை. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 8 சேனல் போதும். நூற்றில் ஓர் அழைப்புகூட இடமின்றித் திரும்பாது.

பல அழைப்புகளை ஒரே டிஜிட்டல் லைனில் கொண்டுவரும் பிஆர்ஐயும், அவற்றை இணையப் பாதை வழியே கொண்டுவரும் சிப் டிரங்கும் இந்த ஒரே கணக்கின்மேல் எழுந்தவை. ஆளுக்கொரு லைன், லைனுக்கொரு வாடகை என்ற பழைய ஏற்பாட்டை இரண்டுமே கைவிடுகின்றன; ஒரே டிஜிட்டல் பாதையை அலுவலகம் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறது. மாதச் செலவில் பெரிய வெட்டு இந்தக் கட்டத்திலேயே விழுந்துவிடுகிறது. இரண்டில் எது என்பது அதற்கு அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் எதிர்பாராத சில உறவுகள் தென்படுகின்றன.

பிஆர்ஐ வந்து சேரும் இ1 பாதையின் வேகம் நொடிக்கு 20,48,000 பிட். அதில் 32 கூறுகள்: முப்பது பேச்சுக்கு, ஒன்று நேர ஒழுங்குக்கு, 16 என்ற எண்ணுடைய கூறு சமிக்ஞைக்கு. சிப் டிரங்கில் இப்படி நிலையான கூறுகளே கிடையாது. அழைப்பு வரும்போது பாக்கெட்டுகள் பிறக்கின்றன, முடிந்ததும் நின்றுவிடுகின்றன. முன்னது 1962-இல் பெல் நிறுவனம் அமெரிக்காவில் இறக்கிய டி1 பாதையின் மரபில் வந்தது. பின்னது 1999-இல் முதல் வரையறையும் 2002-இல் திருத்திய வரையறையும் பெற்ற இணையத் தலைமுறை.

இருந்தும் இரண்டின் குரலும் ஒன்றே. நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதும் முறையைப் பிஆர்ஐ பின்பற்றுகிறது. ஜி.711 கோடெக்கில் ஓடும் சிப் டிரங்கும் அதையேதான் செய்கிறது. வேறுபாடு கட்டும் விதத்தில் இருக்கிறது. பிஆர்ஐ அந்த 64 கிலோபிட்டை அப்படியே தன் கூறில் வைக்கிறது. சிப் அதை 20 மில்லிநொடித் துண்டுகளாக்கி, 160 பைட் குரலுக்கு 40 பைட் முகவரித் தலைப்பு ஒட்டி, நொடிக்கு 50 பாக்கெட்டாக அனுப்புகிறது. ஈதர்நெட் உறையைச் சேர்க்காமலே 80 கிலோபிட் ஆகிவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் கோப்பைத் தேடிக்கொண்டு மௌனமாக இருந்தாலும், மௌனத்தை விட்டுவிடும் வசதியை இயக்கி வைக்காதவரை, அந்த ஐம்பது பாக்கெட்டும் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆக, பேசும்போது சிக்கனம் பழையதுதான்! புதியது என்றாலே சிக்கனம் என்று நம்பி வந்தவர்களை இந்தக் கணக்கு சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும்.

பேசாதபோது நிலைமை தலைகீழ். எட்டுச் சேனல் போதுமான அலுவலகம் முழு பிஆர்ஐ எடுத்தால் 22 கூறுகள் எந்நேரமும் வெறுமையாக ஓடும். பக்கத்து அறையில் இணையம் திணறினாலும் அந்த வெற்றிடத்தை அதற்குக் கொடுக்க வழியில்லை. சிப் டிரங்கில் எட்டு அழைப்பும் ஒருசேர நடந்தால்கூட, ஈதர்நெட் உறையையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 700 கிலோபிட்தான்; 10 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் இணையத்துக்கு. பெரும்பாலான அலுவலகங்களில் லைன்கள் பேசும் நேரத்தைவிடப் பேசாத நேரமே அதிகம். சிப்பின் ஆதாயம் அந்த நேரத்திலிருந்து வருகிறது.

ஆனால் குரலையும் இணையத்தையும் ஒரே பாதையில் அனுப்பும் யோசனை சிப்போடு பிறந்ததல்ல. அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் டி1 பாதையின் 24 சேனல்களில் பாதியைத் தொலைபேசிக்கும் பாதியை இணையத்துக்கும் முன்பே ஒதுக்கியிருந்தன. 12 சேனல் என்றால் 768 கிலோபிட் இணையம். பின்னாளில் வந்த கருவிகள், அழைப்பு இல்லாத சேனலைத் தானாகவே இணையத்துக்கு விட்டுக்கொடுத்தன. சிப் செய்வதும் சாரத்தில் இதுவே. வேலி போட்டுப் பிரித்த நிலத்தில் வேலியை எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

வேலி இல்லாததற்கு விலையும் உண்டு. பிஆர்ஐயில் யார் எவ்வளவு பெரிய கோப்பை ஏற்றினாலும் குரல் பிசிறாது. சிப்பில் ரவுட்டர் குரலுக்கு முன்னுரிமை தராவிட்டால் பேச்சு அறுந்து அறுந்து வரும். இந்த அமைப்பைச் செய்யாமலே சிப் மோசம் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. மின்தடையில் இரண்டும் ஒரே நிலை: பழைய செம்புக்கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்சாரம் வரும், இவை இரண்டுக்கும் நம் யுபிஎஸ்தான் துணை. களவிலும் ஒற்றுமை. பலவீனமான பாஸ்வேர்டு வைத்த ஐபி பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்ச்) வழியாக இரவோடிரவாக வெளிநாட்டு அழைப்புகள் போய்விடும். கவனிக்காத பழைய வகை உள் எக்ஸ்சேஞ்சான ஈபிஏபிஎக்ஸிலும் அதே திருட்டு நடந்திருக்கிறது. ஐஎஸ்டி தேவையில்லாத அலுவலகம் எதை வைத்திருந்தாலும் ஐஎஸ்டி அழைப்பை அடைத்துவிடுவது நல்லது.

என் தீர்ப்பு இது. கால்சென்டர் போல இருபதுக்கு மேற்பட்ட சேனல்கள் நாள் முழுக்க நிறைந்திருக்கும் இடத்தில், பிஆர்ஐ கார்டுள்ள நல்ல ஈபிஏபிஎக்ஸ் ஏற்கெனவே இருந்தால், அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. பத்துச் சேனலுக்குள் அடங்கும் அலுவலகம், தரமான லீஸ்டு லைன் வைத்திருந்தால், சிப்புக்குப் போகலாம். எதில் கையெழுத்திடுவதற்கு முன்னும் உங்கள் ஈபிஏபிஎக்ஸிலிருந்து ஒரு மாத அழைப்புப் பதிவை எடுத்து, நெரிசல் நேரத்தில் ஒரேசமயத்தில் எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விற்க வருபவர் சொல்லும் சேனல் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.